பூனை மேல் விழுந்த பழி

தூத்துக்குடியில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மனிதருக்கும் பூனைக்கும் வரும் படர்தாமரை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படித் தொற்றுகிறது என்று பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியபோது, கடற்கரைத் தெருக்களில் மாதிரி எடுக்க என்னை அனுப்பினார்கள். மனிதர் என்றால் தோலை லேசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பூனை என்றால் புதுப் பல் பிரஷால் உடம்பெல்லாம் சீவி, அந்த பிரஷைக் கல்ச்சர் தட்டில் அழுத்த வேண்டும். பூஞ்சை இருந்தால் மூன்று வாரத்துக்குள் தட்டில் முளைத்துவிடும்.

மீன் விற்கும் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனது இரண்டாம் நாள். அவர் முழங்கைக்குக் கீழே வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. வாசலில் செவலைப் பூனை ஒன்று படுத்திருந்தது. அதன் காதுக்குப் பின்னால் முடி கொட்டிய ஓர் இடம்.

என் பையிலிருந்த பிரஷ்களைப் பார்த்தார். "ஏளா, பூனைக்குப் பல்லு வெளக்கவா வந்திருக்க?"

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை.

"எதிர்வீட்டுக்காரிதான அனுப்புனா? இவ கையில மீன் வாங்காதிய, பூனைச் சொறி ஒட்டிக்கிடும்னு தெருப்பூரா சொல்லிட்டு அலையுதா. இன்னிக்கு நீ பிரஷ்ஷோட வருவ. நாளைக்கு வண்டியோட வந்து பூனையப் பிடிச்சிட்டுப் போவிய."

"எந்த வண்டியும் வராதுக்கா."

"அப்பம் மொதல்ல ஒன் கையில தேச்சுக் காட்டு."

வேறொரு பிரஷின் உறையைப் பிரித்து என் புறங்கையில் தேய்த்துக் காட்டினேன். அதன் பிறகுதான் தன் கையைச் சுரண்டி எடுக்க விட்டார், பூனையையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சீவச் சீவ அவர் பூனையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார். கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஊதா விளக்கைக் காதுக்குப் பின்னால் அடித்தேன். சில பூஞ்சைகள் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். எதுவும் மினுங்கவில்லை. ஆனால் மினுங்காததை வைத்து மட்டும் பூனை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளுக்குள் நான் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன்: இந்தப் பூனைதான்.

"பூனைக்கு இருக்கா, இல்லியா?"

"இப்பம் சொல்ல முடியாதுக்கா. முடிவு வார வரைக்கும் அதத் தூக்காதிய."

கதவைத் திறந்தபோது எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து என் இடுப்பில் அரிக்க ஆரம்பித்தது. சேலை கட்டும் இடத்தில் ஒரு வளையம். கையுறை போட்டிருந்தேன், சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன், இருந்தும் அந்தச் செவலைப் பூனைதான் என் கண்முன் வந்தது. யாரிடமும் சொல்லாமல் என் தோலையும் சுரண்டி, வெறும் எண் ஒன்றை ஒட்டித் தட்டில் வைத்தேன். வீட்டில் என் துண்டைத் தனியாக ஒளித்துவைத்தேன். கணவருக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார் என்ற பயம்.

அவரைக் கவனிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணியைக்கூடக் காயப்போடாதவர், இப்போது தன் உடுப்பைத் தானே அலசி மாடியில் போடுகிறார். எந்தப் புழுக்கத்திலும் பனியனைக் கழற்றுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறார். என் இடுப்பைப் பார்த்து அருவருத்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறொரு நினைப்பு வந்தது. அவர் சட்டைகளை மோந்து பார்த்தேன். போனில் யாரோடு பேசுகிறார் என்று காது கொடுத்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தபோது, வெட்கத்தை விட்டு அவருடைய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தேன்.

ஒரு களிம்பு விழுந்தது. அடிவரை பிதுக்கிய டியூப். பொடி எழுத்தைப் படித்தேன். ஸ்டீராய்டு கலந்தது, அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்ப்பது. ஆய்வுக்குப் போகும் வீடுகளில் போடாதீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அதே களிம்பு.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார். டியூப்பை மேசையில் வைத்தேன்.

"எத்தன நாளா இது?"

"நாலஞ்சு மாசமா இருக்கு. யார்டுல பாதிப் பேருக்கு இருக்கு. இதப் போட்டா ரெண்டு நாள்ல கேக்கும், பொறவு திரும்ப வந்துரும்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீ நாள்பூரா அதத்தான பாக்குத. வீட்டுலயும் அதே மூஞ்சியோட என்னப் பாப்பியோன்னு இருந்துச்சு."

என் சேலையை விலக்கிக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. "எங்கிட்ட இருந்தா?"

"பூனைகிட்ட இருந்துன்னு நெனச்சேன்" என்றேன்.

அன்றே அவருடைய தோலையும் சுரண்டி, மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரமே அக்காவின் தட்டும் என் தட்டும் ஒரே மாதிரி வளர்ந்து நின்றன. கணவருடையது பின்னால் வந்தது, அதுவும் அப்படியே. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை. பூனையின் தட்டில் காற்றில் வரும் சாதாரணப் பூசணத்தைத் தவிர எதுவும் இல்லை. எண் மாறிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, என் தட்டைப் பற்றிய உண்மையையும் சொல்லி, மறுபடி பார்க்கச் சொன்னேன். என்னைத் திட்டிவிட்டுப் பார்த்தார். மாறவில்லை. காதுக்குப் பின்னால் இருந்தது ஏதோ பூனைச் சண்டையில் பட்ட காயத்தின் தழும்பாக இருக்கும் என்றார்.

முடிவைச் சொல்லப் போனபோது வாசல் காலியாக இருந்தது.

"பூனை எங்கக்கா?"

"எதிர்வீட்டுக்காரி மவன் சாக்குல கட்டிக் கொண்டுபோயி மீன்பிடித் துறைமுகத்துல விட்டுட்டான். நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். நீதான தூக்காதன்னு சொன்ன? யாவாரம் படுத்துப்போச்சுளா."

பூனைமேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சேசுவே. அப்பம் எனக்கு எங்கன இருந்து வந்துச்சு?"

வீட்டில் ஒரே துண்டை யார் யார் எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கொடியைப் பார்த்தார். மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை செய்யும் மகன் லீவில் வந்திருந்தான். அவனுடைய கைலியும் துண்டும் அங்கே காய்ந்தன.

மறுநாள் காலையில் இருவருமாகத் துறைமுகத்துக்குப் போனோம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே எத்தனையோ பூனைகள். அக்கா கூப்பிட்ட குரலுக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பும்போது கேட்டார்: "பூனைக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு தாள்ல எழுதித் தருவியளா? கையெழுத்து போட்டு?"

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, எதிர்வீட்டைப் பார்த்தாற்போல் கதவில் ஒட்டினார் அக்கா. அவரும் மகனும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். நானும் கணவரும்தான். எங்கள் நால்வருக்கும் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கணவரின் சாப்பாட்டுப் பையை நான் அதற்குப் பிறகு திறக்கவில்லை. ஆனால் திறக்கத் தோன்றியது உண்டு.

அடுத்த சுற்றுக்குப் போனபோது எதிர்வீட்டுக் கதவையும் தட்டினேன். அந்த வெயிலில், கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார் அந்தப் பெண்.

"இங்கன பூனை கெடையாது" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.