இன்று நிலா மேலேயா, கீழேயா?

இன்று அமாவாசை. செஞ்சி பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எலுமிச்சம்பழம் வாங்கினேன்.

பழக்கார அம்மாவுக்குப் பின்னால், தார்ப்பாய் நிழலில், ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மருமகள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். இன்று செக்கப். கிரகணம் பட்டால் பிள்ளைக்கு ஆகாதென்று மாமியார் வெயிலில் விடவில்லை.

“இன்னைக்கு கிரகணம் இல்லையேம்மா” என்றேன்.

“கிரகணம் அமாவாசைலதானே சார் வரும்? அமாவாசை மாசா மாசம் வருது. கிரகணம் மட்டும் எங்க போவுது? காலண்டர்காரனுங்க இன்னாத்தையோ மறைக்கிறானுங்க.”

“போன மாசமும் இதே கததான் சார்” என்றாள் மருமகள்.

மாமியாரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பழத்தைத் தூரத்து ராஜகிரிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். மலை மறைந்தது. கொஞ்சம் தூக்கச் சொன்னேன். மலை தெரிந்தது.

“பழம்தான் நிலா, மலைதான் சூரியன். நிலா போற பாதை கொஞ்சம் சாய்வு. முக்கால்வாசி அமாவாசைக்கு சூரியனுக்கு மேலயோ கீழயோ போயிடும். நேரா வந்தாத்தான் கிரகணம்.”

அந்த அம்மா என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி. இன்னைக்கு மேல போவுதா, கீழ போவுதா?”

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்.

“பாத்தியா, இவருக்கே தெரியல” என்றபடி குடையை விரித்து மருமகளிடம் கொடுத்தார். “போய்ட்டு வா. குடைய மட்டும் மடக்காத.”

பஸ் கிளம்பிய பிறகு, வெயில் மங்குகிறதா என்று நானே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், மேலேயா கீழேயா? திரும்பும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.