அத்தான் வீட்டுச் சுவரில முகாபே

எங்கட அத்தான் நவரத்தினத்துக்கு ஹம்பேர்க்கில ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியில சமைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஆப்பிரிக்காவை ஆளுற வேலை. ஹோல் சுவரில பிள்ளையாருக்குப் பக்கத்தில சிம்பாப்வே ஜனாதிபதி முகாபேயின்ர படம், பிரேம் போட்டு. வெள்ளிக்கிழமையில அக்கா பிள்ளையாருக்குப் பூ வைக்கேக்க, மனுசன் தன்ர கையால அந்தாளுக்கும் ஒரு பூ செருகுவார். வெக்கங்கெட்ட வேலை!

வாற ஆக்களுக்குத் தேத்தண்ணிக்கு முதல் பிரசங்கம்தான். "பள்ளிக்கூட வாத்தியார். பத்து வருசத்துக்கு மேல சிறையில மறியல் கிடந்தவர். எண்பதில வெள்ளையனிட்ட இருந்து நாட்டை எடுத்து, பிறகு காணியளையும் பறிச்சவர். எங்களிட்ட இருக்கினமோ அப்பிடி ஆக்கள்?"

"தன்ர நாட்டுச் சனத்தையே ஆயிரக்கணக்கில கொன்றதையும் சொல்லுங்கோவன் அத்தான். பறிச்ச காணியில நல்லது அவற்ற ஆக்களுக்குத்தானே போனது? சனம் பாணுக்கு லைன்ல நிக்குது" எண்டு நான் குறுக்க விழுவன்.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பேப்பரின்ர கதை. நீர் சும்மா அலட்டாதையும்."

இந்த வீரர் எண்பத்தஞ்சில கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினவர். ஏன் நாட்டை விட்டனீங்கள் எண்டு கேட்டால், ஆமி கலைச்சுத் துரத்தினது எண்டுவார். ஆமி இவரைக் கண்ணாலயும் கண்டதில்லை.

2008 ஆடியில குசினியில இவரோட வேலை செய்யிற சிம்பாப்வேக்காரன் டெண்டாய் ஒரு உதவி கேட்டவன். தங்கச்சி ருடோ மொழிப் படிப்பு விசாவில வந்திட்டாளாம். அவன் இருக்கிறது ஒற்றை அறை. வீட்டுக்காரன் இன்னொராளை விடமாட்டானாம். ஒரு அறை கிடைச்சால்தான் விலாசம் பதியலாம், விலாசம் பதிஞ்சால்தான் விசா நிக்கும். அத்தானுக்குப் பூரிப்புத் தாங்கேலாமல் போச்சு. "என்ர தலைவற்ற நாட்டுப் பிள்ளை! சின்னறை அவளுக்குத்தான்." அவள் வாற அண்டைக்குக் கோயிலால கொண்டந்த மாலையைப் படத்துக்குப் போட்டார். அவளுக்குச் சந்தோசமாயிருக்குமாம்! ஆரும் அவளை ஏதும் கேட்டவையோ? சமைக்க வந்த நான் தலையில கை வைச்சுக்கொண்டு நிண்டன்.

ருடோ பெட்டியோட வந்தாள். படத்தைக் கண்டவுடன வாசல்லயே நிண்டிட்டாள். அத்தான் பல்லெல்லாம் தெரிய அரைகுறை ஜெர்மனில, "உங்கட ஜனாதிபதி! நல்லவர்!" எண்டார்.

அவள் தமையனிட்ட மெல்ல ஏதோ சொன்னாள். டெண்டாய் தலையைக் குனிஞ்சுகொண்டு எங்களுக்கு ஜெர்மனில சொன்னான்: "பங்குனித் தேர்தல்ல இவள் எதிர்க்கட்சிக்கு வாக்குச்சாவடியில இருந்தவள். அதில தோத்த ஆத்திரத்தில இந்தப் படத்தில இருக்கிறவற்ற ஆக்கள் வந்து வீட்டைக் கொளுத்தினவங்கள். இந்த மூஞ்சி போட்ட சட்டையோடதான் வந்தவங்களாம்."

ஒரு மனுசனுக்கு அதோட நாக்கு ஒட்டிப்போகவேணும். இவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு அக்காவிடம் தமிழில சொல்லுறார்: "துரோகி. துரோகிக்கு என்ர வீட்டில அறை இல்லை. போகச் சொல்லும்."

விளங்காட்டியும் அவளுக்கு விளங்கிட்டுது. பெட்டிப் பிடியை இறுக்கிப் பிடிச்சாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்கமுதல் அக்கா திறந்தா. இருபது வருசத்தில அவ குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"இஞ்சேருங்கோ! ஊரில இயக்கப் பெடியள் வந்து எங்கட வானைக் கேட்க, நீங்கள் குடுக்கமாட்டன் எண்டனீங்கள். அடுத்தநாள் எங்கட கோப்பாய்ச் சந்தியில லைட் போஸ்ட்டில உங்கட பேரையும் இதே துரோகி எண்ட சொல்லையும் சேத்துத்தான் ஒட்டினவங்கள். அதுக்குப் பயந்துதான் நீங்கள் இஞ்ச ஓடிவந்தது. நான்தான் விடியமுதல் கிழிச்சனான். இந்தக் கையாலதான்!"

அத்தான்ர முகம் செத்துப்போச்சு.

அக்கா படத்தை மாலையோட கழட்டிச் சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால செருகினா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னறைக்குப் போனா. ருடோ அழுதுகொண்டு பின்னால போனாள். டெண்டாய்க்கு நான் கதிரை இழுத்துப் போட்டன்.

அத்தான் ஒரு அடி எடுத்து வைச்சார். அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்கப்போறார் எண்டு ஒரு கணம் நம்பிப்போட்டன், பாருங்கோ. மனுசன் போய் யன்னலைச் சாத்தினார். மேல்வீட்டில இருக்கிறது கோப்பாய்ச் சனம். அவைக்குக் கேட்டிருக்குமோ எண்டு என்னிடம் ரகசியமாய்க் கேட்டார்.