நான்கு டிகிரிக்காகக் காட்டுப்பாக்கம் வரை

சனிக்கிழமை காலை 9.40. வேப்பம்பட்டில் ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்து, மின்ரயிலில் ஆவடிக்குப் புறப்பட்டேன். போய்ச் சேர வேண்டிய இடம் காட்டுப்பாக்கம். அங்கே என் கல்லூரித் தோழி மலர்விழி, திங்கட்கிழமை முனைவர் படிப்புக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே முன்வைக்கவிருந்த முடிவு, நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டது. அது பிழை என்பது முந்தைய மாலைதான் எனக்குத் தெரிந்தது.

சில விண்மீன் மண்டலங்களின் நடுவே விண்மீன்கள் நீண்ட பட்டையாகத் திரண்டு சுழல்கின்றன. ஒரு சுற்றுக்குப் பல கோடி ஆண்டுகள் ஆவதால், சுழல்வதைக் காத்திருந்து பார்க்க இயலாது. மண்டலத்தின் தட்டு எத்திசையில் நீண்டு தெரிகிறதோ, அதற்கு இணையாகக் கோடுகள் இட்டு, அவற்றில் ஒளியின் பரவலையும் விண்மீன்களின் ஓட்டத்தையும் ஒப்பிட்டே வேகத்தைக் கணிக்கிறோம். கோடு சற்றுச் சாய்ந்தாலும் விடை கெடும். நாங்கள் அத்திசையைப் பிரகாசமான உட்பகுதியில் அளந்திருந்தோம். அங்கே ஒளியின் வடிவத்தைப் பட்டையே திருகியிருந்தது. மங்கலான வெளிவிளிம்பில் அளந்தபோது வேறுபாடு நான்கு டிகிரி. நாங்கள் ஆராய்ந்த நான்கு மண்டலங்களில் வியப்பூட்டும்படி மெதுவாகச் சுழன்ற பட்டை, மற்றவற்றைப் போன்ற ஒன்றாகிவிட்டது.

10.20. ஆவடியிலிருந்து பூந்தமல்லிப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். நேர்காணல் முடிந்தபின் சொன்னால் என்ன என்று பருத்திப்பட்டு வரை யோசித்தேன். பிழையான முடிவைக் காட்டி அவளுக்குக் கிடைக்கும் இடம் இன்னொருவர் இழந்த இடமாக இருக்கக்கூடும். அந்த எண்ணம் வந்தபின் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

11.15. குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"தள்ளிக் குந்துமா, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்," என்ற ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மடியில இன்னா, லேப்டாப்பா? கைக்கொழந்தயாட்டம் புட்ச்சிகினு கீற!"

"முக்கியமான வேலை இதுக்குள்ள இருக்குண்ணா."

"அப்ப உடாத. ரோடு பூரா பள்ளம்."

மெட்ரோ தூண்களின் ஓரமாக வண்டி குலுங்கிச் சென்றது.

மலர்விழி தன் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பிழையைச் சொன்னேன்.

"இத போன்ல சொல்ல மாட்டியா? ஊடு வரிக்கும் வந்தா குண்டு போடுவ?"

"உன் மூஞ்சப் பாத்துச் சொல்லணும்னு..."

"பாத்துக்கினியா? நல்லா கீதா?"

பிறகு அவள் என் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் கணக்கு தவறாக இருக்கட்டும் என்ற எதிர்பார்ப்புடன் மூன்று முறை தானே போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் என் விடையே வந்தது. நேர்காணலுக்கான உரையின் தலைப்பிலிருந்து "வழக்கத்துக்கு மாறாக மெதுவான" என்ற சொற்களை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"மத்த மூணு கேலக்ஸிலயும் உள்பக்கம்தான அளந்தோம்?"

"ஆமா."

"லேப்டாப்ப வச்சிட்டுப் போ. அதயும் திருப்பி அளக்கணும், என்னுது இழுக்காது."

மாலை 4.10. நிறுத்தம் வரை உடன் வந்தாள்.

"தப்ப யாரு கண்டுபுடிச்சதுன்னு கேட்டா?"

"ரெண்டு பேரும்னு சொல்லு."

"தப்பு பண்ணது?"

"அதுவும்தான்."

திரும்பும் ஷேர் ஆட்டோவும் அதே பள்ளங்களில் குலுங்கியது. மடி காலியாக இருந்தும், என் கைகள் அதன்மேலேயே கோத்தபடி கிடந்தன.