ஏரி பச்சையானதும் நான் மைக்குல கத்துனதும்

மைக்குல கத்தற பொழப்புல வாய் மட்டும்தாங்க நம்மளுது, அதுல வர்ற பேச்சு அன்னிக்கு ஆட்டோவுக்கு யாரு பெட்ரோல் போட்டாங்களோ அவங்களுது.

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவுல, ஹைவேயை ஒட்டி எங்க ஊரு. திம்மராயப்பான்னு ஒருத்தன் ஆட்டோ ஓட்டறான். ஆட்டோ தலை மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கரு, பின் சீட்டுல பேட்டரி, ஆம்ப்ளிபயரு, நானு. நான் படிச்சது ரெண்டாங்கிளாஸு. மூணாங்கிளாஸ் வாத்தியாரு தப்பிச்சாரு. அதனால சீட்டுல எழுதிக் குடுக்கறதைத் திம்மராயப்பாதான் படிச்சிச் சொல்வான், நான் மனப்பாடம் பண்ணிக்குவேன். அவன் வூட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், என்கிட்ட தமிழு, கூப்புடறது மட்டும் 'பாவா', மச்சான்னு. ஒரு வரி என் காதுக்கு வர்றதுக்குள்ள மூணு ஊரு சுத்திட்டு வரும்.

புடவைக்கடை, டூரிங் கொட்டாய், பேதி மருந்து, எதுவா இருந்தாலும் நான் ரெண்டு ஜோக்கு சேத்துதான் கத்துவேன். சிரிச்சாதான ஜனம் கேக்கும்? உங்கள்ல யாராச்சும் சேல்ஸ்லயோ கட்சியிலயோ ஆபீஸ் கவுண்டர்லயோ நின்னு அடுத்தவனுக்காகப் பேசி வயிறு வளத்திருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. மத்தவங்களுக்கு இது புரியாது.

குடம் குடுத்த கம்பெனி

மேட்டுல கம்பெனிங்க எஸ்டேட்டு வந்து கொஞ்ச வருஷத்துல, ஒரு கோடைக்கு எங்க ஏரி பச்சையாயிடுச்சி. பச்சைன்னா நாத்தங்கால் பச்சை இல்லீங்க. யாரோ டப்பா டப்பாவா பெயின்ட்டு கவுத்த மாதிரி, மேல ஏடு கட்டி நின்னுது. கல்லு போட்டா 'களக்'குன்னு சத்தம் வராது, 'சொத்'துன்னு வரும். நாத்தம் ஹைவே பஸ்ஸு வரைக்கும் போச்சி. ஜன்னல் ஓரம் உக்காந்தவன் கண்டக்டரையே சந்தேகமா பாத்தான்.

எஸ்டேட்டுல ஒரு கம்பெனி. அதோட கழிவு ஓடை நேரா எங்க ஏரியிலதான் வந்து விழும். ஜனம் முணுமுணுக்க ஆரம்பிச்சதும், கம்பெனி ஆபீசரு என்னைக் கூப்ட்டாரு. "ஏரியில இருக்கறது வெறும் பாசி. பாசி இயற்கை. பயப்பட வேணாம். வூட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் இலவசம்." இவ்ளோதான் சீட்டுல இருந்துது. நம்ம வாய் சும்மா இருக்குமா? "அக்கா தங்கச்சிங்களே! பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி! புடவைக்குச் சாயம் போட ஈரோடு போவாதீங்க, நம்ம ஏரியில ஒரு முக்கு முக்குங்க! குடம் வேற சும்மா குடுக்கறாங்கோ, ஓடியாங்க ஓடியாங்க!"

தெருத்தெருவா சிரிச்சாங்க. எனக்கு ஒரே பெருமை. எங்க கீழத்தெருவுல மாரக்கான்னு ஒருத்தங்க, செவலை மாடு ஒண்ணும் அதோட கிடேரி ஒண்ணும் வெச்சி, பால் ஊத்திப் பொழைக்கறவங்க. புருஷன் இல்ல. ரெண்டு பொண்ணுங்களோட சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாமே அந்தச் செவலையோட மடியிலதான் இருந்துது. அவங்களும் சிரிச்சிக்கிட்டே வந்து செவப்புக் குடம் ஒண்ணு வாங்கி, உள்ள எட்டிப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க:

"குடம் குடுத்தாங்க செரிடா கோவிந்து, இதுல மொண்டுக்கத் தண்ணி எங்கடா குடுக்கறாங்க?"

மூணு தெரு, மூணு பாஷை

அடுத்து எலெக்சன் வந்துது. நின்னவரு ஒருத்தரு ஏரியைப் புடிச்சிக்கிட்டாரு. ஏரிக்கு வர்ற தண்ணியில பாதி கர்நாடகா பார்டரு தாண்டி ஓடையில வருது, பாதி எஸ்டேட்டுப் பக்கத்துலயிருந்து வருது. யாரை வேணும்னாலும் திட்டலாம், வசதி.

அவரு எனக்கு மூணு சீட்டு குடுத்தாரு. தமிழ்த் தெருவுல, அதான் எங்க கீழத்தெருவுல, "இது பெங்களூரு சாக்கடை, கர்நாடகாவைத் தட்டிக் கேப்போம்!" கன்னடத் தெருவுல கர்நாடகாவைத் திட்டுனா ஓட்டு வுழாது, அதனால அங்க, "இது கம்பெனிக் கழிவு, பூட்டுப் போடுவோம்!" தெலுங்குத் தெருவுல பாதிப் பேரு அந்தக் கம்பெனியிலதான் வேலை. பூட்டுன்னு சொன்னா அடிப்பாங்க. அங்க, "மழை இல்லாத குத்தம், வருண பகவானை வேண்டுவோம்!" நானும் மூணு பாஷையிலயும் கையைத் தூக்கித் தூக்கிக் கத்துனேன். ஒவ்வொரு தெருவுலயும் கை தட்டுனாங்க. பாஷை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு நெனைப்பு எனக்கு.

தொண்டை காஞ்சிபோயி முனிரெட்டி டீக்கடையில எறங்குனேன். மூணு தெருவும் சேர்ற முக்குல இருக்கற கடை. பெஞ்சுல உக்காந்திருந்தவங்க எல்லாரும் என்னையே பாத்தாங்க. முனிரெட்டி டீயை என் முன்னாடி டொக்குன்னு வெச்சான்:

"மூணு தெருக்காரனும் ஒட்டுக்கா உக்காந்து டீ குடிக்கறது என் கடையிலதான்டா, இங்க மூணு பாஷையும் தெரியாதவன் எவன் இருக்கான்? ஒரே ஏரிக்கு மூணு அப்பன் சொல்லிட்டு வந்திருக்கியே, நீயே சொல்லு, எவன்டா அப்பன்?"

சக்கரை ஜாஸ்தி போட்ட டீதான். பாதியிலயே வெச்சிட்டு எழுந்துட்டேன்.

அதிகாரி வர்ற அன்னிக்கு

எவனோ மெட்ராசுக்குப் பெட்டிசன் போட்டுட்டான். தண்ணியைப் பாக்க ஒரு அதிகாரி வர்றாருன்னு சேதி வந்துது. பஞ்சாயத்துத் தலைவருக்கு வேர்த்துப்போச்சி. ஏரி மீன் ஏலம் எடுத்தவரு அவரு மச்சான். எஸ்டேட்டுக் காண்ட்ராக்ட்டு எடுத்தவரு அவரு தம்பி. ஏரியைப் பாத்தா ஒரு குடும்பப் படம் மாதிரி இருக்கும்.

"கோவிந்து, ஊரைக் கூட்டு. ஏரியைச் சுத்தம் பண்றோம்"னாரு. நான் கரை மேல நின்னு மைக்குல பாட்டுப் பாடி ஆள் சேத்தேன். தென்னை ஓலையை நீளமா கயித்துல கோத்து, ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சி இழுத்தோம். "ஐலசா" சொன்னது நான்தான். பச்சை ஏடு அப்படியே சுருட்டிக்கிட்டு நகந்துது. வெளியில வாரிப் போட்டோமான்னு கேக்காதீங்க. அதிகாரி வந்து நிக்கப் போற ரோட்டுப் பக்கத்துலயிருந்து தள்ளி, கீழத்தெரு எறக்கத்துல கொண்டுபோயி ஒதுக்குனோம். எங்க தெரு மாடுங்க தண்ணி குடிக்கறது அந்த எறக்கத்துலதான். என் வூடும் அந்தத் தெருதான். கையில மைக்கு இருந்தா சொந்தத் தெரு எந்தப் பக்கம்னே தெரிய மாட்டேங்குதுங்க.

அதிகாரி ஜீப்பை விட்டு எறங்குனாரு. தெளிஞ்ச எடத்துல பாட்டிலை முக்கித் தூக்கிப் பாத்தாரு, "பரவால்லியே"ன்னாரு, எளநீ குடிச்சாரு, போயிட்டாரு. அவருக்குப் போட்ட மாலையோட வாசனை காத்துல இருக்கும்போதே காத்து திரும்பிடுச்சி. மெதுவா, அலுப்பே இல்லாம, பச்சை ஏடு பாதி ரோட்டுப் பக்கமே திரும்பி வந்துது. மீதிப் பாதி கீழத்தெரு எறக்கத்துலயே தங்கிடுச்சி. திம்மராயப்பா ஆட்டோவுல சாஞ்சிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தான்:

"பாசிக்குத்தான் திரும்பி வர்றதுக்கு வெக்கம் இல்ல பாவா, நமக்குமா?"

டாக்டரம்மா குடுத்த சீட்டு

ரெண்டு கன்னுக்குட்டி கீழத்தெருவுல செத்துப்போச்சி. மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா வந்த டாக்டரம்மா, திருநெல்வேலிப் பக்கம், சின்ன வயசு, மொபெட்டுல என்னைத் தேடிக்கிட்டு வந்தாங்க. "அண்ணாச்சி, அது சும்மா பாசி இல்ல, விஷப் பாசி. சாக்கடையும் கம்பெனித் தண்ணியும் வயல் உரமும் தின்னு கொழுத்துக் கெடக்கு. காய்ச்சுனாலும் விஷம் போவாது. மாட்டை அந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு ஊர் முழுக்கச் சொல்லணும். மேல எழுதியிருக்கேன், ஆர்டர் வரல. ஆர்டர் வர்ற வரைக்கும் மாடு தாகமா நிக்குமா, சொல்லுங்க?"

பொழப்புல மொத மொறையா ஒரு நெசத்தைக் கத்தப் போறேன். ஆனா வாய் பழக்கம் இருக்கே, சனியன். மைக்கைப் புடிச்சதும், "அக்கா தங்கச்சிங்களே, ஓடியாங்க ஓடியாங்க!"ன்னுதான் ஆரம்பிச்சிது. ஓடியாந்தாங்க. "ஏரித் தண்ணி விஷம்! மாடு குடிச்சா செத்துப்போவும்!"னேன். கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. ஒருத்தன், "இன்னிக்கு என்னாண்ணா, வாட்டர் பில்டரா?"ன்னான். இன்னொருத்தன், "இது எந்தக் கட்சி?"ன்னான். நான் ஆட்டோவை விட்டு எறங்கி, "நெசமாத்தான்டா"ன்னு கும்புட்டேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தியா சிரிச்சாங்க. அழுவற மாதிரி நல்லா நடிக்கறேன்னு ஒருத்தரு மெச்சிக்கிட்டாரு.

மாரக்கா செவலையை ஓட்டிக்கிட்டு எறக்கத்துப் பக்கம்தான் போயிக்கிட்டிருந்தாங்க. நான் மூக்கணாங்கயித்தைப் புடிச்சி நிறுத்துனேன். "அக்கா, என் புள்ளைங்க மேல சத்தியமா, இன்னிக்குப் பொய் இல்லக்கா." அவங்க கயித்தை என் கையிலயிருந்து மெதுவா வாங்கிக்கிட்டாங்க. கோவமே இல்ல:

"கண்ணுக்குக் குளிர்ச்சின்னதும் நீதான், விஷங்கறதும் நீதான். எந்த நாளு நெசம், எந்த நாளு பொய்யின்னு ஒரு கொடியாச்சும் கட்டிக்கிட்டு வாடா கோவிந்து."

பாம்பு

செவலை பொழுது சாயறதுக்குள்ள தள்ளாடி வுழுந்துடுச்சி. டாக்டரம்மா மொபெட்டு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிது. நான் போய்ப் பாக்கல. பாக்க மூஞ்சி இல்ல. வூட்டுல கவுந்து படுத்துக்கிட்டு, அந்தப் பொண்ணுங்க அழுவற சத்தம் கேக்காத மாதிரி இருந்தேன். நாலு வூடு தள்ளித்தான் அவங்க வூடு. நல்லாவே கேட்டுது.

மக்யா நாளு விடிஞ்சதும் தலைவரு கூப்ட்டு அனுப்புனாரு. "ஏரிக்கரையில பாம்பு நடமாட்டம் இருக்குது, மாடு அதனாலதான் சாவுது, ஜாக்கிரதைன்னு சொல்லிட்டு வா."

"மூணு உருப்படி போயிருக்குதே தலைவரே, எல்லாம் ஒரே பாம்பா?"

"கேள்வி கேக்கறதுக்கா உன் கையில மைக்கு இருக்குது?"

நானும் போனேங்க. செவலையைப் பொதைச்ச மண்ணு காயல, நான் போனேன். கீழத்தெரு திரும்பி, "பாம்பு நடமாட்டம்"னு பாதி சொல்லும்போது, மாரக்கா நடுரோட்டுல வந்து நின்னாங்க. திம்மராயப்பா பிரேக்கு போட்டான். அவங்க ஒண்ணும் கத்தல. கையை நீட்டுனாங்க. நான் மைக்கைக் குடுத்துட்டேன். குடுக்காம இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குது?

அவங்களுக்கு அதை எப்படிப் புடிக்கறதுன்னே தெரியல, கரண்டி மாதிரி புடிச்சிக்கிட்டாங்க. "நான் மாரி பேசறேன். கீழத்தெரு. என் செவலை செத்துப்போச்சி. பாம்பு கடிக்கல. ஏரித் தண்ணி குடிச்சிது, வாயில பச்சையா நுரை தள்ளுச்சி. இவன் சொன்னப்ப நான் கேக்கல. நீங்க கேளுங்க. மாட்டைத் திருப்பிக் கட்டுங்க." அவ்ளோதான். ஒரு ஜோக்கு இல்ல, ஒரு ஓடியாங்க இல்ல.

ரெண்டு குழாயும் அதைத் தூக்கிக்கிட்டுப் போயி மூணு தெருவுலயும் போட்டுது. ஒருத்தரும் சிரிக்கல. பொம்பளைங்க வெளிய வந்தாங்க. எறக்கத்துக்குப் போயிக்கிட்டிருந்த மாடுங்களை ஒவ்வொண்ணா திருப்பி, பம்புசெட்டுத் தொட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. மாரக்கா கிடேரி அதுங்களுக்குப் பின்னாடியே, அம்மாவைத் தேடித் தேடிக் கத்திக்கிட்டுப் போச்சி. அவங்க மைக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஸ்பீக்கரை அண்ணாந்து பாத்தாங்க, அப்புறம் என் மடியில வெச்சாங்க:

"இவ்ளோ சத்தம் வருதேடா இதுல, இத்தினி நாளா இத்த வெச்சிக்கிட்டு நீ என்னாடா பண்ணிக்கிட்டிருந்த?"

இன்னமும் நான் கத்திக்கிட்டுதாங்க இருக்கேன், பாத்திரக்கடை, பட்டாசுக்கடை, பாவாடைக்கடைன்னு, ஆனா ஏரிக்கரை வளைவு வந்தா மட்டும் நான் சொல்லாமலே திம்மராயப்பா மைக்கு சுச்சை ஆஃப் பண்ணிடறான்.