கோயில் கவுண்டரில் என் அலாரம்

இன்று காலை இணையக் கூட்டத்தில் இருந்தவர்கள்: டென்மார்க் பேராசிரியர் ஒருவர், லண்டன் டாக்டர் ஒருவர், இங்கேயுள்ள ஒருங்கிணைப்பாளர் பிந்து, நோயாளியாகிய நான். ஸ்ரீவராகம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் என் பின்னால் காபி டம்ளரோடு என் கணவர்.

தலைப்பு, "நோயாளிகளே முன்நின்று நடத்தும் நீரிழிவுத் தொழில்நுட்பம்". முன்நின்றவளுக்குக் கடைசியில்தான் மைக் கிடைத்தது.

ஒரே கேள்வி கேட்டேன். என் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை இறங்கினால் போன் வழியாகத்தான் அலாரம் அடிக்கும். கோயிலுக்குள் போன் கூடாது, கவுண்டரில் கொடுத்துவிட வேண்டும். போன வாரம் தரிசன வரிசையிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருக்கும்போது என்னை யார் எச்சரிப்பது?

பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. அருமையான பண்பாட்டுத் தரவாம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் கும்பிடலாமே என்றார் லண்டன் டாக்டர். பெருமாளுக்கும் ஒரு லிங்க் அனுப்பிவிடுவார் போல.

"சேச்சி, நல்ல பாயிண்ட் கேட்டோ! இதை வச்சே ஒரு பேப்பர் எழுதலாம்" என்றாள் பிந்து, மலையாளம் கலந்த தமிழில்.

"பேப்பர் இருக்கட்டும்மா, பதில் என்ன?"

"அது அடுத்த கட்ட ஆய்வில வரும், சேச்சி."

எல்லோரும் எனக்குக் கைதட்டிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்கள்.

"அவாளுக்குத் தலைப்பு கிடைச்சாச்சு. உனக்கு என்னடி கிடைச்சுது?" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை தீபாராதனைக்குப் போகிறேன். அடுத்த கட்ட ஆய்வுவரை என் சர்க்கரை காத்திருக்காது. இதே சென்சாரோடு கோயிலுக்குப் போகிறவர்களே, போன் இல்லாமல் உள்ளே எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வியாழனுக்குள் சொல்லுங்கள்.