பெரியப்பாவின் வீங்கிய கை

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா கைக்கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றியிருந்ததை இங்கே ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்றுதான் கண்டேன். ஆண்கள் எல்லோரும் வெறும் மேலோடு நிற்க, என் அண்ணர் மட்டும் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நின்றார். சட்டைக் கையை இழுத்துப் பார்த்தேன். இடக்கை முழுதும் வீங்கிக் கிடந்தது. "படுத்த விதம் சரியில்லையடா" என்றார். மாதக்கணக்காகப் பெரியம்மா நல்லெண்ணெய் தேய்த்தாராம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

அவருடைய இடத்தோளுக்குக் கீழே, தோலுக்குள், இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் சிறு கருவி இருக்கிறது. அதன் கம்பி இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகிறது. நாள்பட்டால் கம்பியைச் சுற்றித் தழும்பு வளர்ந்து குழாய் அடைபடலாம். கை வீங்கினால் உடனே வரவேண்டும் என்று டொக்டர் முன்பே சொன்னவர். டொக்டர் நாள் குறித்துத் தரும் டெர்மினுக்கெல்லாம் பெரியப்பா ஒழுங்காகத்தான் போனார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "அல்லெஸ் கூட்", எல்லாம் நல்லம் என்பார். அகதியாக வந்த காலத்தில் விசா அலுவலகத்தில் பழகிய பதில் அது. மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் குறை சொன்னால் விசா போய்விடும் என்ற பயம். ஜெர்மன் பாஸ்போர்ட் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அடுத்த கிழமை டொக்டரிடம் நானும் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். குழாய் அடைபட்டிருந்தது, கம்பியும் பழுது. பழைய கம்பியைத் தழும்பிலிருந்து அறுத்து எடுத்து, அந்த வழியாலேயே புதியதை விடலாம் என்றார் டொக்டர். எடுக்கும்போது குழாய் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. பயமாக இருக்கிறதா என்று கேட்டார். பெரியப்பா எழுந்து நின்று "அல்லெஸ் கூட்" என்றார்.

"அண்ணை, இது விசா அலுவலகம் இல்லை. பயமெண்டால் சொல்லுங்கோ."

"சத்தம் போடாதை. பிறகு அந்தாள் கோவத்தில வெட்டிப்போடும்."

பழைய கம்பி குழாயைக் கிழிக்காமல் வந்தது, புதியதையும் விட்டார்கள். அவர் கண் விழித்ததும் டொக்டர் கட்டிலருகே வந்து, இனி எந்த வருத்தத்தையும் மறைக்க வேண்டாம் என்றார். பெரியப்பா அதை அரசாங்கக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார்.

போன மாதம் டெர்மினில் டொக்டர் வழக்கம்போல நலம் கேட்டார். பெரியப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"தம்பி, சொல்லு. தையல் போட்ட இடம் கடிக்குது. முழங்கால் குத்துது. மேல்வீட்டுக்காரன் சப்பாத்தோட நடக்கிறான், நித்திரை இல்லை."

"மேல்வீட்டுக்காரனையுமோ அண்ணை?"

"எல்லாத்தையும் சொல்லு."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் சப்பாத்து வரை ஒன்றும் விடாமல் டொக்டருக்கு ஜெர்மனில் சொன்னேன்.