பெரியப்பாவின் மூச்சுக்கு நடந்த வாக்கெடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் பெரியப்பா நிமோனியா வந்து மலேசியாவின் ஈப்போ நகர மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டைக்குள் ஒரு குழாய். அதன் மறுமுனையில் அவருக்காக மூச்சுவிடும் இயந்திரம். நான் அப்போது பத்திரிகை நிருபர். வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன்.

ஒரு நாள் மாலை மருத்துவர் வெளியே வந்தார். இளைஞர், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே படுத்திருந்த ஒவ்வொருவருக்கும் காலையிலிருந்து அவர்தான் முடிவெடுத்துக்கொண்டிருந்தார். குழாயை இன்று எடுத்தால் பெரியப்பா தானாக மூச்சுவிடலாம், திணறவும் செய்யலாம். இன்னும் சில நாள் விட்டுவைத்தால் புதிதாகக் கிருமி தொற்றலாம். இரண்டையும் நன்றாகவே விளக்கினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எனக்கே ரெண்டு மனசா இருக்கு. நீங்கள்லாம் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட இடம் சரியில்லை. அங்கே நின்றவர்கள் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் கோயில் கமிட்டியினர். கமிட்டித் தலைவரான பெரியப்பாவைப் பார்க்கத் தோட்டத்து லாரியில் வந்திருந்தார்கள். அபிப்பிராயம் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

செயலாளர் கனைத்துக்கொண்டார். "சரி, கூட்டத்த ஆரம்பிக்கலாம். முன்மொழியிறது யாரு?"

"கொழாய எடுத்துறலாம்னு நான் முன்மொழியிறேன்," என்றார் பொருளாளர்.

"வழிமொழியிறேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"திருத்தம் இருக்கு அண்ணே. இன்னைக்கு செவ்வாக்கெழம. நாளைக்கு எடுக்கலாம்லா," என்றார் ஓர் உறுப்பினர்.

பொருளாளர் திரும்பினார். "இது என்ன கல்யாணமா மச்சான், நாள் பாக்க?"

"நீ பேசாத. போன திருவிழாவுக்கு பந்தல் வேணாம்னு சொன்னவன்தானே நீ? மழையில நனைஞ்சது யாரு?"

அடுத்துக் கொஞ்ச நேரம் பந்தலைப் பற்றிப் பேசினார்கள். மருத்துவர் குறுக்கே பேசக் கை தூக்கினார். முறை வரும்போது அழைப்பதாகச் செயலாளர் சொன்னார். தாதி கதவைத் திறந்து, "ஜாங்ஙான் பீசிங்லா!" என்று, சத்தம் போடக்கூடாதென மலாயில் அதட்டினாள்.

"சோரி மிஸ்ஸி," என்ற செயலாளர், சத்தம் வராமல் கையுயர்த்தி வாக்களிக்கச் சொன்னார். இரு பக்கமும் சமமாக வந்தது.

"சமமா வந்தா தலைவர்தான் முடிவு பண்ணணும்," என்றார்.

எல்லோரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். தலைவர் வாயில் குழாயோடு கிடந்தார்.

சற்று யோசித்து, மருத்துவரையே தற்காலிகத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கைதட்ட முடியாததால் தலையை ஆட்டினார்கள். பாதிச் சுமையை இறக்கி வைக்க வந்தவருக்கு முழுச் சுமையும், கூடவே ஒரு பதவியும் கிடைத்தது.

பெரியம்மா கமிட்டியில் இல்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"தம்பி, இவங்க தீபாவளி வரைக்கும் பேசுவாங்க. நீங்க உள்ள போயி சரின்னு தோணுறத செய்ங்க. என்ன ஆனாலும் நான் உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

 மருத்துவர், "எடுத்துர்றேம்மா," என்று சொல்லி உள்ளே போனார்.

வெளியே யாரும் பேசவில்லை, பந்தலைப் பற்றிக்கூட. உள்ளிருந்து நீண்ட இருமல் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் கரகரத்த குரலில், குழாயைப் பிடுங்கியவரின் குடும்பத்தைப் பற்றி, எந்தப் பத்திரிகையும் அச்சிட முடியாத ஒரு வார்த்தை.

"அவருதான்," என்று பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவர் கதவைத் திறந்தார். "இன்னொரு தடவையும் சொன்னாரும்மா," என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.